இப்படியே

ஒட்டுசுட்டான் கூட்டுறவுச் சங்கத்து மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு கணினி, கால் ஆடும் கதிரை.
கீழே கோதுமை மா மூட்டை இறக்குகிறார்கள்.
மேலே நான் வாக்குமூலம் இறக்குகிறேன்
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு,
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.

கொழும்பிலிருந்து வந்த குறிப்பில் ஒன்பதாவது விதி:
மூலத்தில் பிழை கண்டால் திருத்தாதே.
அப்படியே விட்டுப்
பக்கத்தில் சதுர அடைப்புப் போட்டு
உள்ளே மூன்றெழுத்து எழுது.

சிக்.
லத்தீன். செத்த மொழி என்கிறார்கள்.
செத்ததென்று யார் சொன்னது,
கந்தோர் கந்தோராக வந்து போகிறதே.
'இப்படியே' என்று பொருள்.
இப்படியேதான் கிடந்தது, இப்படியேதான் கண்டேன்,
பிழை அவருடையது, என்னுடையதல்ல
இவ்வளவும் மூன்றெழுத்தில்.
இத்தனை கொஞ்சத் தண்ணீரில் கை கழுவ
வேறெந்த மொழியிலும் முடியாது.

தமிழில் எழுதிப் பார்த்தேன்.
சிக்கு என்றால் தலைமயிர்.
சீக்கு என்றால் கோழி.
சிக்கல் என்றால் நாங்கள்.

முதல் வாரம் தாராளமாகப் போட்டேன்.
பெப்ரவரி முப்பதாம் திகதிக்கு,
மாத்தளனை மாத்தறை என்றெழுதிய கிராம சேவகருக்கு,
ஒரே ஆளை இரண்டுதரம் எண்ணிய பட்டியலுக்கு.
போடும்போது ஒரு சந்தோசமும் இருந்தது, மறைப்பானேன்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவரும்
சிவப்புப் பேனை தந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை இராசமலரின் கோவை.
கற்சிலைமடு. உழுந்துச் செய்கை.
மகன் சுகிர்தன்.
பிறப்புச் சான்றிதழில் ஓர் எச் கூட.
சிக்.
வயது இருபத்திரண்டு.
பிறந்த ஆண்டு அடுத்த வரியிலேயே நிற்கிறது,
கூட்டிப் பார்த்தேன், முப்பத்தைந்து வரவேண்டும்.
சிக்.

'மகனுக்கு இடது குதிக்காலில் வெடிப்பு,
கச்சான் காற்றுக்குக் கூடும்.
கணவாய் தின்னமாட்டான், உடம்பு தடிக்கும்.
கடன் வாங்கினால் நாள் தவறமாட்டான்.'

'தின்னமாட்டான்' என்பதை எந்தக் காலத்தில் வைப்பது?
தமிழில் அது பழக்கத்துக்கும் நாளைக்கும் நடுவே
வரம்பில் நடக்கிறது.
ஆங்கிலம், ஏதாவது ஒரு வயலில் இறங்கு என்கிறது.
நிகழ்காலத்தில் இறக்கினேன்.
வாசிக்கிற கனவான் என் இலக்கணத்தைச் சந்தேகிப்பார்.
பிழை என்னுடையதல்ல என்று காட்ட
அடைப்பைத் திறந்தேன்.

காசு முடிந்து பாதியில் விட்ட
வீட்டுத்திட்ட வீட்டின் வாசல்நிலைபோல்
அந்த அடைப்பு,
உள்ளே கர்சர் மினுங்கி மினுங்கி.
அவ சொன்னது பிழையென்றால்
எதைச் சொல்லியிருந்தால் சரி?
மின்சாரம் போகும்வரை எழுதவில்லை.

வியாழன் கையெழுத்துக்கு வந்தா.
கெதியா வாசியுங்கோ,
உழுந்து காயப்போட்டபடி கிடக்கு, மழை இருட்டுது.
ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கி வாசித்தேன்.
வயதில் தயங்கினேன்.
'இதில ஒரு சின்னப் பிழை...'
'என்ன பிழை?'
'இருபத்திரண்டு எண்டு...'
'அது நான் ஒப்படைச்ச வயசு.
மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு போனவைதான் சொல்லோணும்.'

குரலை உயர்த்தவில்லை.
சேலைத் தலைப்பால் பேனையைத் துடைத்தா,
முன்னம் வந்தவரின் பெருவிரல் மை அதில்.

அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே
நான் பாராமல் விட்ட வரியொன்று இருந்தது:
அதே மூன்றெழுத்து
சில நாடுகளில் வாய்க்குவாய் தேய்ந்து
'ஓம்' என்ற சொல்லாகிவிட்டதாம்.

அடைப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
மாத்தறையை மட்டும் விட்டேன்.

கடைசியில் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்,
கேட்டேன்:
'எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கோ?'
'ஓம்.'

பாதிப் படியில் நின்று திரும்பினா.
'தம்பி, அந்த எச்சை வெட்டிப்போடாதேங்கோ.
அவன் அப்பிடித்தான் கையெழுத்து வைப்பான்.'